தேர் திரும்ப வேண்டிய மூலை

டெமோ என்றால் என்னவென்று என் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கழுத்தில் டை கட்டிய ஒருவன் பெரிய பெட்டியோடு வருவான். நம் வீட்டுத் தரையை அவனுடைய மிஷினால் உறிஞ்சிக் காட்டுவான். அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால், மஸ்கட்டிலிருந்து அண்ணன் ஒரு சிநேகிதன் கையில் கொடுத்துவிட்ட சி.டி.யைக் காட்டி, இது ஒரு விளையாட்டின் டெமோ என்று நான் சொன்னபோது, இதை எப்போது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்றுதான் அம்மா கேட்டாள். ஐந்து வருஷம் கழித்து என்றேன். அது விளையாட்டுக்குள் ஓடுகிற ஐந்து வருஷம் என்று விளக்கப் பொறுமை இல்லை. எனக்கு அன்றைக்கும் பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து ஆனி மாதம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்து, எங்கள் வயலில் கன்னிப்பூ நெல் நடவு முடிந்திருந்தது. நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா என்றால் சும்மா இல்லை, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த விளையாட்டின் முதல் பாகத்தை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆடி வந்தேன். ஆற்றங்கரையில் வெறும் நிலத்தைக் கையில் கொடுப்பார்கள். சாலை போட்டு, மனை ஒதுக்கி, கிணறு வெட்டி, வயல், களஞ்சியம், சந்தை, கோவில் எல்லாம் வைத்து அதை நகரமாக்க வேண்டும். அடிதடி ஒன்றும் பெரிதாகக் கிடையாது. பஞ்சாயத்து ஆபீஸ் வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறாய் என்று அண்ணன் கேலி செய்வான். ஆனாலும் இரண்டாம் பாகம் வருஷக் கடைசியில் வெளிவரப்போகிறது, அதற்கு முன்னால் ஆசை காட்ட ஒரு டெமோ விட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், அதை இறக்கி சி.டி.யில் போட்டு அனுப்பியது அவன்தான். எங்கள் வீட்டு இண்டர்நெட்டில் இறக்கியிருந்தால் அது முடிவதற்குள் நான் டிகிரியே வாங்கியிருப்பேன்.

சண்டையும் டிகிரியைப் பற்றித்தான். எனக்குச் சென்னையில் கட்டடக்கலை படிக்க வேண்டும். நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, கவுன்சிலிங்குக்குத் தேதியும் வந்துவிட்டது. அப்பா விடமாட்டேன் என்றார். ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்றார். சென்னைத் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டும் என்றார். மற்ற படிப்பெல்லாம் மூன்று வருஷம், நாலு வருஷம், இதற்கு மட்டும் என்ன ஐந்து வருஷம் என்றார். கொத்தனார் கட்டுகிற வீட்டுக்குப் படிப்பு எதற்கு என்றுகூட ஒரு நாள் கேட்டார். நாகர்கோவில் காலேஜ் ஒன்றின் பஸ் எங்கள் முக்கில் வந்து நிற்கும். அதில் ஏறிப் போனால் சாயங்காலம் காப்பி குடிக்கிற நேரத்துக்கு வீட்டில் இறங்கிவிடலாம். ஒரு காலேஜுக்கு அதைவிடப் பெரிய தகுதி இருக்க முடியாது என்பது அப்பாவின் கட்சி. நானும் ஒற்றைக் காலில் நின்றேன். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஒன்றுக்குப் பதில் சொல்லி முடித்தால் மறுநாள் புதிதாக இன்னொன்றோடு வருவார்.

அப்பாவுக்கு அது கைவந்த வேலை. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா, காலையில் வயல், இதெல்லாம் பிழைப்புக்கு. ஊர் அவரை அறிந்தது தேரோட்டத்தில்தான். எங்கள் கோவில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற நாலு பேரில் அவர் ஒருவர். தேர் வேகம் எடுத்தால் ஓடுகிற சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நிறுத்த வேண்டும். தெரு மூலையில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை கொடுத்துத் தேரைத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அசந்தால் கால் போய்விடும். ஊர்த் தேருக்குப் போட்டது பற்றாது என்று வீட்டிலும் முட்டுக்கட்டை போடுகிறார் என்று அம்மா அவர் காதில் விழும்படியே சொல்வாள். அதை அவர் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

டெமோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. முதல் பாகத்தில் சாலை நேர்கோட்டில் மட்டும்தான் போகும், இதில் வளைத்துப் போடலாம். படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். தெருவில் நடக்கிற ஆளைத் தொட்டால் அவன் நின்று பேசுவான். ஆனால் டெமோ ஆயிற்றே, எல்லாவற்றையும் அள்ளிக் கொடுப்பார்களா? நிலத்தின் முக்கால்வாசியை மூடுபனி போட்டு மறைத்திருந்தார்கள். ஆற்றுக்கும் குன்றுக்கும் நடுவே கையளவு இடம். சேமித்து வைக்கவும் முடியாது, நிறுத்தினால் திரும்ப முதலில் இருந்துதான். ஐந்து வருஷத்துக்குள் அந்த இடத்தில் ஆயிரம் பேரைக் குடிவைத்துவிட்டால் ஜெயம். விளையாட்டின் ஐந்து வருஷம் நம் கணக்கில் ஒரு மணி நேரம்கூட வராது. அப்பாவின் ஐந்து வருஷக் கவலைக்கு இதை ஒரு பதிலாகச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் சங்கத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே என் பின்னால் வந்து நின்றார். வயசுக்கு வந்த பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு பாட்டம் திட்டு விழும் என்று முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, கோவில் எங்கே என்று கேட்டார். காட்டினேன். ஆட்களுக்குக் கோவில் எட்டினால் போதும், அது எங்கே இருந்தாலும் விளையாட்டுக்குக் கவலையில்லை. அதனால் தோல் பதனிடுகிற கூடத்துக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த துண்டு நிலத்தில் வைத்திருந்தேன். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பாயசத்தில் எலி விழுந்ததுபோலப் பார்த்தார். பிறகு கிழக்கு எது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படத்தைச் சுற்றிக் காட்டினேன். கோவில் வாசல் அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. ஒரு ஊரில் கிழக்கு எதென்று தெரியாமல் மனிதர்கள் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதன்பிறகு எழவில்லை. அதாவது தினமும் சங்கம் விட்டு வந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். மவுஸைத் தொடமாட்டார், அது அவருக்குக் கூச்சம். விரலால் மானிட்டரில் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். திரையெல்லாம் அவருடைய விரல்தடம், துடைத்து மாளாது. பகலில் சென்னை கூடாது என்று காரணம் சொல்கிற அதே வாய் சாயங்காலம் என்னிடம் கிணற்றை இங்கே வை, களஞ்சியத்தை மேட்டில் வை என்று கொஞ்சிக் கேட்கும். எனக்கு எரிச்சல்தான். ஆனால் மனம் குளிர்ந்து ஒரு நாள் சரி என்று சொல்லிவிடமாட்டாரா என்று ஒரு நப்பாசையும் இருந்தது. அதற்காகவே அவர் சொன்னபடி முதலில் இருந்து ஊரை வைத்தேன்.

நடுவில் கோவில். அதைச் சுற்றி நாலு தெரு. தெரு ஒவ்வொன்றும் இரண்டு சாலை அகலம். நாலு மூலையிலும் வீடில்லாமல், கடையில்லாமல், மரம்கூட இல்லாமல் வெட்டவெளி. இருக்கிற கையளவு இடத்தில் இதற்கே பாதி போய்விட்டது. எதற்கு இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது என்று கேட்டேன்.

"தேரு திரும்பாண்டாமா மக்கா?" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இந்த விளையாட்டில் தேர் கிடையாது, இந்த ஊர்க்காரர்கள் தேரைக் கண்ணால் பார்த்ததே கிடையாது என்று சொன்னேன். இன்றைக்கு இல்லையென்றால் என்ன, ஊர் பெருத்த பிறகு யாராவது செய்துவைத்தால் அப்போது எந்த வீட்டை இடிப்பாய் என்று கேட்டார். இதை அவர் சும்மா கேட்கவில்லை. எங்கள் ஊரில் தேரோடும் தெருவின் தென்மேற்குக் கன்னிமூலையில் ஒருவர் வீட்டு நடைப்படியைத் தெருவுக்கு நீட்டிக் கட்டிவிட்டார். இரண்டு வருஷமாகத் தேர் அந்த மூலையில் வந்து நின்று, முன்னும் பின்னும் இழுத்து, உச்சி வெயிலில் எல்லாரையும் காயவைத்துத்தான் திரும்புகிறது. அந்த வீட்டுக்காரரோடு அப்பாவுக்குப் பேச்சே கிடையாது. என் விளையாட்டு ஊரில் அப்படி ஒரு வம்பு வந்துவிடக் கூடாது என்று அவர் உறுதியாக இருந்தார். ஐந்து வருஷத்தில் டெமோ முடிந்துவிடும், எந்தத் தேரும் வராது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. எங்கள் வீட்டில் பிடிவாதம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை.

தேருக்கு இடம் விட்டால் ஊர் ஜெயிக்காது. இது எனக்கு ஒரே ஆட்டத்தில் தெரிந்துவிட்டது. இந்த விளையாட்டில் சந்தையிலிருந்து ஒரு பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். குறிப்பிட்ட தூரம்தான் நடப்பாள், பிறகு திரும்பிவிடுவாள். அப்பாவின் அகலத் தெருவால் சந்தை ஒரு ஓரத்துக்குப் போய்விட்டது. கிழக்குத் தெரு வீடுகளுக்கு அவள் போய்ச் சேரவில்லை. நம் கடப்புறத்திலிருந்து மீன் கொண்டுவருகிறவள் இதைப்போல நாலு மடங்கு நடப்பாள், இவளுக்கு என்ன கொள்ளை என்று அப்பா அந்தப் பொம்மையைத் திட்டினார். சந்தை எட்டாத வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுப்பார்கள். அப்புறம் மூட்டைமுடிச்சுகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வீடு மறுபடி வெறும் மனையாகிவிடும். முதல் பாகத்திலும் இது உண்டு, ஆனால் அதில் எறும்பளவு தெரியும். இதில் முகம் தெரிந்தது. வண்டியைப் புருஷன் தள்ள, பின்னால் பெண்சாதி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அப்பா அவர்களை அதுவரை கவனிக்கவில்லை. அன்றைக்குக் கவனித்துவிட்டார். யார் இது, எங்கே போகிறார்கள் என்று கேட்டார். ஊரைவிட்டுப் போகிறார்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். தொட்டேன். அந்த ஆள் வண்டியை நிறுத்தி இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி தள்ளினான். சந்தை தூரம் என்று சொல்கிறான் என்று தமிழில் சொன்னேன். அடுத்த வண்டியையும் தொடச் சொன்னார். அவனும் அதையே சொன்னான். படத்தின் ஓரத்தில் மூடுபனி வரைக்கும் ஒரு வண்டியை விரலாலேயே தொடர்ந்து போனார் அப்பா.

"இதுக்காண்டியா ஊர விட்டுப் போவான்?" என்றார்.

அன்றைக்குக் காலையில்தான் சென்னையில் கொசு ஜாஸ்தி என்று ஒரு புதுக் காரணம் சொல்லியிருந்தார். எனக்கு வாய் நிற்கவில்லை. "போவான்பா. நம்ம அண்ணன் போவல்லியா?" என்று சொல்லிவிட்டேன்.

அடுக்களையில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், அந்தச் சத்தம் நின்றது. அப்பா திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் வந்து உட்காரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சென்னைக்கு எதிராகவும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கவுன்சிலிங்குக்கு ஒரு வாரம்தான் இருந்தது. டிக்கெட் எடுத்தபாடில்லை. அம்மாவிடம் கேட்டால் உங்கள் அப்பாவிடம் கேள் என்றாள். நான் தனியாக உட்கார்ந்து, அவருடைய மூலைகளை அப்படியே விட்டுவைத்து, சாலையை வளைத்து, கிணற்றை மாற்றி, என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கிழக்குத் தெருக்காரர்கள் வண்டி கட்டிவிட்டார்கள். அந்த மூலைகளை எடுத்துவிட்டு ஆடியிருந்தால் என்றைக்கோ ஜெயித்திருக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், அவர் வந்து பார்த்தால் இருக்கட்டும் என்றுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தார். சட்டையைக் கழற்றவில்லை. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். கிழக்குத் தெருவில் முதல் வண்டி கிளம்புகிற நேரம். அப்பா கன்னிமூலைக்கு எதிர்த்த மூலையில், அந்த வெட்டவெளியில், விரலை வைத்தார்.

"இங்கண சந்தைய வை."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அப்போ தேர் என்று கேட்டேன்.

"தேரு கெடக்கட்டு. ஆளு போவாண்டாம்."

வைத்தேன். கூடைக்காரி புதுச் சந்தையிலிருந்து இறங்கிக் கிழக்குத் தெருவுக்குள் நடந்தாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றாள். மூட்டை கட்டின ஒருவன் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குள் போனான். அப்பா மூச்சை விட்டார். மற்ற மூன்று மூலைகளிலும் அவரே வரிசையாக வீடு வைக்கச் சொன்னார். ஒரு மூலைக்கும் தயங்கவில்லை. ஒரு மூலைக்காக ஒருவரோடு பேச்சையே விட்ட மனுஷன், நாலு மூலையையும் கால் மணி நேரத்தில் அடைத்துவிட்டார். ஐந்தாம் வருஷம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆயிரம் பேர் ஆகிவிட்டார்கள். மேளம் கொட்டிற்று, வாழ்த்துச் சொல்லிற்று, டெமோ முடிந்தது, முழு விளையாட்டு வருஷக் கடைசியில் என்று ஒரு அட்டை வந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

நான் கை தட்டினேன். இப்படி ஒரு நல்ல நேரம் வாய்க்காது என்று பட்டது. அந்தச் சூட்டோடு, அப்பா, கவுன்சிலிங்குக்கு டிக்கெட் எடுக்க வேண்டும், ரயிலில் இடம் தீர்ந்துவிடும் என்று ஆரம்பித்தேன். அவர் இன்னும் அந்த அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கொசு என்று ஆரம்பித்தால் கத்திவிடுவது என்று தயாராக இருந்தேன்.

"கொசு, தண்ணி, சாப்பாடு எல்லாம் நான் சும்மா சொன்னது மக்கா," என்றார். "அவன் அங்க போயிட்டான். நீயும் போயிட்டா இந்த வீட்டுல நானும் ஒங்க அம்மையும்தான். சாயங்காலம் வந்து ஆருட்ட என்ன பேச? அத நெனச்சா எனக்குப் பயமா இருக்கு கேட்டியா."

பயம் என்ற சொல்லை அப்பா அவருக்காகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஓடுகிற தேரின் சக்கரத்துக்குள் குனிந்து கையை நீட்டுகிற ஆள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாதமாக நான் சென்னைத் தண்ணீரோடும் ஹாஸ்டல் சாப்பாட்டோடும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அழுகையும் ஆத்திரமுமாகக் கேட்டேன்.

"சொன்னா நீ போவாம இருந்திருவ," என்றார் அப்பா. "அதான் சொல்லல்ல."

அம்மா அடுக்களை வாசலில் வந்து நின்றிருந்தாள். அப்பா எழுந்து நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் காலையில் வயலுக்குப் போகாமல் நாகர்கோவில் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று, சென்னைக்கு எனக்கும் அவருக்குமாக டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்.

சொன்னால் நான் போகமாட்டேன் என்று அப்பா நம்பியிருந்தார். என்னைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல எண்ணம். சொன்ன பிறகும் நான் போனேன்.